ஏழரைச் சனியும் ஞாயிற்றுத் தொகுதியும்: மாணவர் வானியல் நூல்களின் உரைநடை பற்றி ஒரு நோக்கு

கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றின் சமூக அடித்தளத்தை ஆராய்வதில் ஈழத்து விமரிசன மரபு கணிசமான முன்னேற்றங் கண்டுள்ளது. ஆயினும், எமது பிள்ளைகளுட் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் வரிக்கு வரி ஊன்றிப் படிக்கும் உரைநடை நாவலாசிரியனுடையதன்று, பாடநூலுடையதே. அவ்வுரைநடை எவ்வகை மனிதனை உருவாக்குகின்றது என்னும் வினா எமது விமரிசகரின் கவனத்தைப் பெறவில்லை. இக்கட்டுரையில் நாம் ஒரேயொரு பாடப்பரப்பை, அதாவது ஞாயிற்றுத் தொகுதி பற்றிய தொடக்க அறிவை மாணவருக்குக் கூற முற்படும் எழுத்தை, விமரிசன நோக்கில் அணுக முயல்கிறோம்.

முதலிற் சொல். தமிழகத்தார் "சூரியக் குடும்பம்" என்பதை நாம் "ஞாயிற்றுத் தொகுதி" என்கிறோம். இவ்வேறுபாடு வெறும் மொழிபெயர்ப்பு வேறுபாடு அன்று. குடும்பம் என்றதும் தலைவன் ஒருவனும் அவனைச் சூழ்ந்த பணிவுடைய உறுப்பினரும் மனத்தில் தோன்றுவர். தொகுதி என்னும் சொல்லோ ஒன்றையொன்று ஈர்த்து, ஒன்றின் இயக்கத்தை மற்றொன்று பாதிக்கும் பொருள்களின் உறவை உணர்த்த வல்லது. இவ்விடத்து இலங்கைக் கலைச்சொல்லாக்கத்தினர் சரியான தெரிவைச் செய்தனர் என்றே கூறுதல் வேண்டும். ஆனால் "கிரகம்", "கோள்" ஆகிய இரு சொற்களும் பற்றுதல், கொள்ளுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. மனிதரைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் என்ற பழைய கருத்துநிலை அச்சொற்களுள் உறைந்து கிடக்கின்றது. நவக்கிரகப் பட்டியலில் ஞாயிறும் திங்களும் உண்டு, பூமி இல்லை. திங்களின் பாதை ஞாயிற்றின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகளான இராகுவும் கேதுவும் உண்டு. கொப்பனிக்கசுக்குப் பின்னரே பூமி தானும் ஒரு கோளாயிற்று. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அதன் உள்ளடக்கத்தை முற்றாக மாற்றிய இப்பெரும் புரட்சியைப் பாடநூல் ஒரு வாக்கியத்திலேனும் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

விளைவு யாது? கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு பிள்ளை சனிக்கிழமை தாயுடன் கோயிலுக்குச் சென்று சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றுகிறாள். திங்கட்கிழமை வகுப்பறையில், வளையங்களையுடைய சனி என்னும் கோள் பற்றி மனனஞ் செய்கிறாள். இரு சனிகளும் அவள் உள்ளத்தில் அயல்வீட்டார்போல் ஒருவரோடொருவர் பேசாது குடியிருக்கின்றனர். பரீட்சை முடிந்ததும் இரண்டாமவர் வீட்டைக் காலி செய்து போய்விடுகிறார். முதலாமவர் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறார். நம்மவருள் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும் திருமணப் பொருத்தத்துக்குச் சாதகத்தைத் தூக்கிச் செல்வது முரண்பாடு என நாம் வியப்பதுண்டு. இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அவ்விரண்டும் ஒருபோதும் ஒரே மேடையில் நிறுத்தப்பட்டதில்லை.

மாணவர் நூல்களின் அமைப்பை நோக்குக. ஞாயிற்றிலிருந்து உள்ள தூரம், விட்டம், சுற்றும் காலம், துணைக்கோள்களின் தொகை: இவை நிரல்படத் தரப்படுகின்றன. எவ்வாறு அறிந்தோம் என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது முதல் கோள்கள் ஒன்பது என்று கற்பிக்கப்பட்டது. 2006 ஆகஸ்ட் 24ஆம் திகதி பிராக் நகரிற் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோளுக்கு வரைவிலக்கணம் வகுத்ததும் அவை எட்டாயின. ஒன்பது என்ற எண் அழிக்கப்பட்டு எட்டு என்ற எண் எழுதப்பட்டது; பிள்ளையைப் பொறுத்தவரை மேலிடத்து ஆணை ஒன்று மாறிற்று, அவ்வளவே. ஆனால், 1801இல் கண்டுபிடிக்கப்பட்ட சீரீஸ் சில பத்தாண்டுகள் கோளெனவே எண்ணப்பட்டுப் பின் அதையொத்த பல சிறுபொருள்கள் தென்பட்டமையால் அவ்வரிசையிலிருந்து நீக்கப்பட்டதையும், 2005இல் ஏறக்குறைய புளூட்டோவின் பருமனுடைய எரிசு அறியப்பட்டதும் அதே சிக்கல் மீண்டதையும் எடுத்துக்கூறியிருப்பின், வகைப்பாடு என்பது சான்றுகள் பெருகப் பெருகத் திருத்தப்படும் மனித உழைப்பு என்பது விளங்கியிருக்கும். அந்த எழுபத்தாறு ஆண்டுகளில் நவக்கிரகமும் ஒன்பது, நவீன கோள்களும் ஒன்பது என்ற தற்செயல் ஒற்றுமையைப் பற்றிக்கொண்டு, முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என மேடையில் முழங்கியோர் பலர். பாடநூல் அதற்கும் வாய்திறக்கவில்லை.

இவ்விடத்து வரலாற்றுக்குச் சற்றுத் திரும்புதல் பயனுடைத்து. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனாரால் நிறுவப்பட்ட செமினரியின் தலைவர் டானியல் பூவர், 1829 மார்ச் 20ஆம் திகதிச் சந்திரகிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் கணித்திருந்தவற்றை முன்கூட்டியே மறுத்துரைத்தார். தொடங்கும் நேரம், மறைப்பின் அளவு, நீடிக்கும் காலம் மூன்றிலும் பிழையுண்டு என்பது அவர் வாதம். கிரகண இரவில் வானம் பூவரின் பக்கம் நின்றது. சாஸ்திரியார் சாமானியர் அல்லர். வண்ணைக் குறவஞ்சியின் ஆசிரியராக எமது இலக்கிய வரலாறு அறியும் புலவர் அவர். மிஷனார் இந்நிகழ்ச்சியைத் தம் சமயத்தின் வெற்றியாகவே எழுதிவைத்தனர். தொலைநோக்கியும் அச்சியந்திரமும் காலனித்துவ ஆதிக்கத்தின் பரிவாரமாக வந்திறங்கிய சூழலில் அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆயினும், பஞ்சாங்கத்தின் பிழையிலிருந்து சைவத்தின் பொய்ம்மையையோ, செமினரிக் கணக்கின் சரியிலிருந்து வேதாகமத்தின் மெய்ம்மையையோ பெறமுடியாது. அன்றிரவு நிலைநாட்டப்பட்டது ஒன்றே: அவதானிப்பாற் காலந்தோறும் திருத்தப்படும் கணிதம், திருத்தப்படாத கணிதத்தினும் மேலானது.

திருத்தப்படாத அக்கணிதமும் இகழத்தக்கதன்று. 1825இல் சென்னையில் வெளியான காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலில் ஜோன் வாரன் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் நிலத்திலே சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே மாத முடிவில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தை அவர் முன்னிலையிற் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிட அளவே பிழை. முடிவு நேரத்தில் ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். இப்பதிவை ஒட்டோ நொய்கபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றிய தம் கட்டுரையில் ஆராய்ந்து உலகறியச் செய்தார். கணிதர் தாம் செய்வதன் கோட்பாட்டை அறிந்தாரல்லர் என்பது வாரனின் குறிப்பு. குலவழி காக்கப்பட்டு, உற்பத்தியில் ஈடுபட்டோருக்கு மறுக்கப்பட்ட அறிவு, காலப்போக்கிற் காரணம் மறந்த செய்முறையாகச் சுருங்கிற்று என்றே நாம் இதனை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இன்றைய மாணவனும் காரணம் அறியாது மனனஞ் செய்பவனே. ஆனால் அக்கணிதரால் ஒரு கிரகணத்தைச் சொல்ல முடிந்தது. பத்தாண்டு விஞ்ஞானம் பயின்ற எமது மாணவனால் இன்று மாலை வெள்ளி எத்திசையிற் தோன்றும் எனச் சொல்ல முடியாது.

மாற்று வழி உண்டா? உண்டு, அது பிள்ளையின் வீட்டிலேயே கிடக்கின்றது என்பதே எமது கருத்து. ஏழரைச் சனி என்னும் சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. பிறந்த இராசிக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேர்த்து மூன்று இராசிகளைச் சனி கடக்கும் காலம் ஏழரை ஆண்டு. எனவே ஓர் இராசிக்கு இரண்டரை ஆண்டு. பன்னிரண்டு இராசிக்கு முப்பது. பாட்டியின் அச்சத்துள் சனிக்கோள் ஞாயிற்றைச் சுற்றும் காலம் ஒளிந்திருக்கின்றது. நவீன அளவு 29.46 ஆண்டு. குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை நிகழ்வதால் வியாழனின் சுற்று பன்னிரண்டு ஆண்டு. நவீன அளவு 11.86. பிரபவ முதல் அட்சய ஈறான அறுபதாண்டு வட்டம் வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறக்குறையச் சந்திக்கும் காலம்.

இங்கு நின்றுவிடத் தேவையில்லை. சுற்றும் காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதசமம் என்பது 1619இல் கெப்ளர் வெளியிட்ட விதி. முப்பதின் வர்க்கம் 900. எந்த எண்ணின் கனம் 900 எனத் தேடினால் 9.65 கிடைக்கும். அதாவது சனி பூமியைவிட ஞாயிற்றிலிருந்து 9.65 மடங்கு தொலைவில் உள்ளது. பூமியின் தூரம் 15 கோடி கிலோமீற்றர் எனக்கொண்டால் சனியின் தூரம் ஏறத்தாழ 145 கோடி. நவீன அளவு 143 கோடி. ஏழரை என்ற ஓர் எண்ணிலிருந்து ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கொப்பியின் ஒரு பக்கத்தில் இங்கு வந்து சேரலாம். அவ்வாறு வந்தவள் சனியைக் கண்டு அஞ்சுவாளா என்பது வேறு வினா. குறைந்தபட்சம், இரு சனிகளும் ஒருவரே என்பதை அவள் தன் கையாலேயே கணித்திருப்பாள்.

பருவகாலப் பாடமும் இத்தகையதே. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் எனப் பல நூல்கள் விளக்குவது இங்கிலாந்தின் வானத்தை. கொழும்பின் அகலக்கோடு ஏறத்தாழ வடக்கு 6.9 பாகை. ஏப்ரல் 7ஐ அண்டியும் செப்தெம்பர் 5ஐ அண்டியும் நண்பகலில் ஞாயிறு நேர் உச்சிக்கு வருகின்றது. நட்டகோலின் நிழல் காலடியில் மறைகின்றது. ஒரு மீற்றர்க் கோல் ஒன்றைப் பள்ளி முற்றத்தில் நாட்டினால், யூன் இறுதியில் நண்பகல் நிழல் 30 சதமமீற்றர் அளவிற் தெற்கே விழும்; திசெம்பர் இறுதியில் 59 சதமமீற்றர் அளவில் வடக்கே விழும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதற்கு இதனினுந் தெளிந்த சான்று இந்நாட்டுப் பிள்ளைக்கு வேண்டியதில்லை. இலண்டன் பிள்ளைக்கோ நிழல் தெற்கே விழுவதைக் காணும் வாய்ப்பே இல்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் புகையிரதப் பாதைக்கு அப்பால் மேற்கே தடையற்ற அடிவானம். யூனுக்கும் திசெம்பருக்கும் இடையே ஞாயிறு மறையும் புள்ளி அவ்வடிவானத்தில் ஏறக்குறைய 47 பாகை இடம்பெயர்கின்றது. செலவில்லாத இவ்வவதானநிலையத்துக்கு முதுகைக் காட்டியவாறு, காலி வீதியின் மறுபுறத்து ரியூட்டரிகளில் எமது பிள்ளைகள் ஞாயிற்றுத் தொகுதியைக் குறிப்புகளாக விலைகொடுத்து வாங்குகின்றனர். பண்டமாக மாறிய அறிவுக்கு விடை தேவை, வினா தேவையில்லை. பாடநூலின் உரைநடை ஏற்கெனவே அவ்வடிவில் இருந்தமையாலேயே அது இத்துணை இலகுவாகப் பண்டமாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

உரைநடையின் வடிவம் பற்றிய பிரச்சினை இது. கலிலியோ 1632இல் தம் பெருநூலை அறிஞரின் இலத்தீனில் எழுதாது இத்தாலியில், மூவர் நான்கு நாள் உரையாடும் உரையாடலாக எழுதினார். எதிர்க்கருத்தும் அதனுள் முழுக்குரலுடன் பேசுகின்றது. வாசகன் தீர்ப்பளிக்கும் இடத்தில் இருத்தப்படுகிறான். சோவியத் எழுத்தாளர் யாக்கோவ் பெரல்மானின் பௌதிக நூல் மாஸ்கோவிலிருந்து தமிழில் மலிவு விலையில் வந்தபோது எம்முட் பலரைக் கவர்ந்தமைக்குக் காரணம், அது எங்கும் வினாவிலேயே தொடங்கியமை. எமது மொழியில் இவ்வாற்றல் இல்லை எனச் சொல்லவியலாது. 1910இல் ஹேலி வால்வெள்ளி தோன்றியபோது பாரதி அதனைப் பாடி, அது மீண்டு வரும் காலத்தையும் கவிதைக்குள் கொணர்ந்தார்; அதே ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரிப் பேராசிரியர் அலன் ஆபிரகாம் வட்டுக்கோட்டையில் அதனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அகவல் யாப்புக்குள் அடங்கியது பாடநூல் உரைநடைக்குள் அடங்காமற் போனமைக்கு மொழி பொறுப்பாகாது.

இன்னொரு குறையையும் சுட்டுதல் வேண்டும். மாணவர் நூல்களில் ஞாயிற்றுத் தொகுதிக்கு வரலாறு இல்லை; அது என்றும் இவ்வாறே சுழன்றுகொண்டிருப்பதுபோற் தோன்றுகின்றது. 1755இல் கான்ற் அத்தொகுதி முகிற்படலத்திலிருந்து உருவாயிற்று என்று முன்வைத்த கருதுகோளை, இயற்கை மாறாதது என்ற நோக்கில் விழுந்த முதல் உடைப்பு என எங்கெல்சு மதிப்பிட்டார். ஏறத்தாழ 460 கோடி ஆண்டு வரலாறுடைய ஒன்றைப் பட்டியலாகத் தருவது எண்களைக் குறைப்பதன்று, இயக்கத்தை மறைப்பது.

முற்போக்காளரும் இவ்விடத்துச் சிந்தித்தல் தகும். சோதிடத்தை எள்ளி நகையாடும் துண்டுப்பிரசுரங்கள் எம் பக்கத்திலிருந்து ஏராளமாக வந்துள்ளன. அவையும் பாடநூல்போலவே தீர்ப்பை மட்டுமே வழங்கின. 1965 கைத்தொழிற் கண்காட்சிக்காகக் கொழும்பிற் பொறியியலாளர் குலசிங்க அமைத்த கோள்மண்டலத்துக்கு அன்றைய சோசலிச ஜேர்மனியின் ஜேனா நகரிலிருந்து கருவி வந்தது எமக்குப் பெருமை தந்தது. அதன் குவிமாடத்தினுள் இருந்து வெளிவந்த பிள்ளை வீட்டு முற்றத்தில் வானத்தைப் பார்த்து என்ன கேட்டாள் என்பதை நாம் கேட்கவில்லை.

எள்ளலைவிட வலிய கருவி பஞ்சாங்கத்துள்ளேயே உண்டு. இந்நாட்டிற் தமிழர் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்களைப் பயன்படுத்துகின்றனர். சனி கும்பத்திற் புகுந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியப்படி 2023 திசெம்பர் 20. இவ்விரு நாட்களுக்கிடையே சனி வானத்தில் நகர்ந்த தூரம் ஏறத்தாழ எட்டுப் பாகை. முழுமதியின் விட்டத்தைப்போற் பதினைந்து மடங்கு. கையை நீட்டி முட்டியை மடித்தால் மறையும் அளவுக்குச் சற்றுக் குறைவு. ஆசிரியர் ஒருவர் இவ்விரு பஞ்சாங்கங்களையும் வகுப்பறை மேசையில் வைத்து, எது சரி என்று எவரிடமும் கேளாமல் எவ்வாறு கண்டறிவது என ஒன்பதாந்தர மாணவரிடம் வினவலாம். அதற்கு வேண்டியவை தெளிந்த இரவு, அயலிலுள்ள சில உடுக்கள், ஒரு முட்டி.