பெருங்காயத்துக்குச் சரி, பரோட்டாவுக்கு ஆகாது

ஆறு வாரமாக என் சட்டைப்பையில் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. உள்ளே கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் செரிக்க உதவும் என்சைம் காப்ஸ்யூல்கள். இரண்டு சப்பாத்தி சாப்பிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும், மறுநாள் மதியம் வரை தலை கனக்கும். குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய் இல்லை என்று மருத்துவர் சோதித்து உறுதி சொன்ன பிறகுதான் இதை வாங்கினேன்.

இட்லியும் தோசையும் இருக்கிற ஊரில் என்ன கஷ்டம் என்று கேட்கிறார்கள். கஷ்டம் பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். அது சாம்பார், ரசம் எல்லாவற்றிலும் விழும். ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே என் தோசையும் வேகும்.

ஆறு வாரமும் என்னை எரிச்சல்படுத்தியது லேபிளில் உள்ள ஒரே வரி: ‘உணவுடன் உட்கொள்ளவும்’. உணவுடன் என்றால் எப்போது? ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்டதுமே விழுங்கிவிட்டேன். பரிமாற இருபது நிமிடம் ஆனது. கடைசியில் இரண்டு கரண்டி சேமியா பாயசம். அன்றிரவு வயிறு கல்லாகிவிட்டது. அடுத்த கல்யாணத்தில் சோற்றில் இரண்டு வாய் உள்ளே போன பிறகு விழுங்கினேன். அதே சேமியா பாயசம், தொந்தரவு இல்லை. இரண்டு பந்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் என்சைம் சாப்பாட்டோடு கலந்தால்தான் வெட்டும். இதை லேபிளில் தெளிவாக எழுத இன்னும் ஒரு வரி போதும்.

குளூட்டனில் புரோலின் என்ற அமினோ அமிலம் அதிகம். அந்த இடங்களில் நம் உடம்பின் என்சைம்களால் வெட்ட முடிவதில்லை. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு செரிக்காமல் அப்படியே தங்கிவிடுவதை 2002இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது சிறுகுடலுக்கு இறங்குமுன் இரைப்பையிலேயே வெட்டுப்பட வேண்டும். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து எடுக்கும் ஏஎன்-பெப் என்சைம் இரைப்பை அமிலத்திலும் வேலை செய்கிறது. நான் முதலில் வாங்கி ஏமாந்த பாட்டிலில் இருந்ததோ டிபிபி-4 என்ற வேறு என்சைம். அமிலத்தில் அதற்குச் செயல் இல்லை. பாட்டிலைத் திருப்பி என்சைமின் பெயரைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஏஎன்-பெப்புக்கும் எல்லை உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அரை கிராம் குளூட்டன் கலந்த கஞ்சியோடு இதைக் கொடுத்தபோது இரைப்பையில் குளூட்டன் சுமார் 85 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 15 சதவீதம் என்றால் 75 மில்லிகிராம். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே சீலியாக் நோயாளியின் குடல் கெடும் என்பது 2007இல் இத்தாலியில் கண்டது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியிலேயே இரண்டு கிராம் அளவுக்குக் குளூட்டன் இருக்கும். பரோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என்னைப் போன்றவர்கள் வெளியூர்ச் சாப்பாட்டுக்கும் பந்திக்கும் இதை வைத்துக்கொள்ளலாம். சீலியாக் உள்ளவர்கள் இதை நம்பி ஒரு வாய்கூடக் கோதுமை சாப்பிடக் கூடாது. உங்களுக்கு எது என்று தெரியாவிட்டால் முதலில் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம்.