புறநானூறு 95: போர்த் தவிர்ப்பும் சான்றின் எல்லையும்

தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், ஒரு பாடலால் போரைத் தடுத்தார் என்னும் கருத்து பரவலாக நிலைபெற்றுள்ளது. சேலத்துக்கு வடக்கேயுள்ள இன்றைய தருமபுரியே அத்தகடூர். இக்கருத்துக்குப் புறநானூற்றின் 95ஆம் பாடல் சான்றாகுமா என்பது ஆராயத்தக்கது.

பாடல் இருவகைப் படைக்கலங்களை எதிர்நிறுத்துகிறது. ஒருவகை பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் உள்ளது. மற்றது பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. இதனைப் புகழ்வதுபோலப் பழித்தல் என்பர். அணிநயத்தைக் கடந்து, இதில் அச்சுறுத்தலின் இயல்பும் புலப்படுகிறது.

பகைவனை ஒரு செயலினின்று தடுக்கும் அச்சுறுத்தலையும், ஒரு செயலைச் செய்யுமாறு பணியவைக்கும் அச்சுறுத்தலையும் தாமஸ் ஷெல்லிங் 1966இல் வெளியிட்ட நூலில் வேறுபடுத்தினார். சொன்னதைச் செய்வர் என்னும் நம்பகத்தன்மை இரண்டுக்கும் இன்றியமையாதது. சிதைந்த வேல்நுனி அதற்கு அடையாளமாகிறது. படை இருப்பதோடு, அதனைப் பயன்படுத்தும் துணிவு உண்டென்பதையும் அது உணர்த்துகிறது. பாடலில் கோரிக்கையோ வெளிப்படையான மிரட்டலோ இல்லை. இறுதியில் வறியோரைப் பேணும் தலைவனின் கொடையே பேசப்படுகிறது. எனவே, கேட்பவன் மானம் இழக்காமல் பின்வாங்க இடமுண்டு.

ஆயினும், தூது பற்றிய செய்தியும் தொண்டைமான் பெயரும் பாடலின் கீழுள்ள குறிப்பில் மட்டுமே உள்ளன. பாடாண் திணை, வாண்மங்கலத் துறை என வகுக்கப்பட்ட பாடலுள் அவை இல்லை. தொண்டைமான் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது என்னும் அளவில் அக்குறிப்பு நின்றுவிடுகிறது. போர் தவிர்க்கப்பட்டதாக அது கூறவில்லை. போர் நிகழவில்லை என்றே கொண்டாலும், தொண்டைமான் அஞ்சி நின்றானா, தொடக்கத்திலேயே போர் எண்ணம் இல்லாதிருந்தானா என்பதை அதனால் அறிய இயலாது. தடுப்பு அச்சுறுத்தல் பற்றிய இன்றைய ஆய்வுகள் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கலும் இதுவே: நிகழாத ஒன்றின் காரணத்தை நிறுவுதல் அரிது.

பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பெருஞ்சேரல் இரும்பொறை, தகடூரை எறிந்தவன் எனச் சிறப்பிக்கப்படுகிறான். ஔவையார் பாடிய போர்ப்புகழ் தகடூருக்கு நிலையான அரணாக அமையவில்லை. ஆகவே, 95ஆம் பாடலை அச்சுறுத்தல் எவ்வாறு நயமாக மொழியப்பட்டது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அது வென்றது என்பதற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.