கூலிக் கணக்கு: நிகோல் குக்கின் விடைபெறல்

விளையாட்டு வீராங்கனைகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் பதக்கத்தில் தொடங்கிக் கண்ணீரில் முடியும். வேல்ஸைச் சேர்ந்த சாலை சைக்கிள் பந்தய வீராங்கனை நிகோல் குக், 2013 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது வாசித்த நீண்ட அறிக்கை அந்த வழக்கத்துக்குள் அடங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 29. விடைபெறும் நாளில் வீராங்கனைகள் பேசாத இரண்டை அவர் பேசினார்: ஒன்று ஊக்கமருந்து, மற்றொன்று சம்பளம். அந்த அறிக்கையை ஓர் உழைப்பாளியின் வாக்குமூலமாகவே நாம் வாசிக்க வேண்டும்.

அவருடைய வெற்றிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 16 வயதில் பிரிட்டனின் தேசியச் சாம்பியன். 2002இல் காமன்வெல்த் தங்கம். 2004இல் இத்தாலியின் பெண்கள் சுற்றுப் பந்தயம். 2006, 2007இல் பிரான்ஸின் 'கிராந்த் பூக்ல்'. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கொட்டும் மழையில், கடைசி வளைவில் சறுக்கி விழாதபடி வேகத்தைக் குறைத்துப் பின்தங்கி, அதன்பின் ஏற்றத்தில் விரட்டிச் சென்று தங்கம் வென்றார். அடுத்த மாதமே வரேசேயில் உலகச் சாம்பியன் ஆனார். ஒரே ஆண்டில் இந்த இரண்டு சாலைப் பந்தயங்களையும் வென்றவர் அதற்குமுன் ஆண்களிலும் இல்லை.

இதே ஆண்டுகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளத்தைத் தராத அணிகள்மீது அவர் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. ஆண்களின் தொழில்முறை அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதிய விதி இருந்தது, பெண்களுக்கு இல்லை. 2011இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் தலைவராக இருந்த பாட் மக்வெய்ட், பெண்கள் பந்தயம் அதற்குரிய அளவு இன்னும் வளரவில்லை என்றார். வளர்ந்தால் கூலி தருவோம் என்பது, கூலி தராமல் வளரவிடாதவர்கள் சொல்லும் பதில். வீட்டு வேலையிலும் வயல் வேலையிலும் பெண்கள் கேட்டுப் பழகிய பதில்தான் இது.

குக்கின் அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஊக்கமருந்தையும் சம்பளத்தையும் அவர் ஒரே கணக்கில் எழுதுவது. 2002இல், தொழில்முறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே, அணிக்காரர்கள் 'மருந்து' நீட்டினார்கள், அவர் மறுத்தார். ஆண்கள் பந்தயத்தில் ஊக்கமருந்து ஊழல் வெடிக்கும்போதெல்லாம் விளம்பரதாரர்கள் ஓடினார்கள். முதலில் கலைந்தவை பெண்களின் அணிகளும் போட்டிகளும்தான். ஏமாற்றிய டைலர் ஹாமில்டன் அந்தக் கதையைப் புத்தகமாக்கிச் சம்பாதிப்பது, தன் நேர்மையான உழைப்பு முழுவதற்கும் கிடைத்ததைவிட அதிகமாக இருக்கும் என்று குக் சொன்னார். ஊக்கமருந்தைத் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டும் பேசும் விளையாட்டு எழுத்தாளர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான்: அது பிறருடைய கூலியைத் திருடுவது. அந்தத் திருட்டில் அதிகம் இழந்தவர்கள், முன்பே குறைவாகப் பெற்றவர்கள்.

இப்படிப் பேசும் பெண்ணைக் 'கசப்பானவள்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. கசப்பு என்று பெயர் வைத்துவிட்டால் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? குக் விடவில்லை. 2014இல் தன்வரலாறு எழுதினார். 2017இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின்முன் அமர்ந்து, இந்த விளையாட்டை ஆண்கள் ஆண்களுக்காகவே நடத்துகிறார்கள் என்று சாட்சியம் சொன்னார்.

ஆனாலும் அவர் கதையை வீரகாவியமாக்கிவிடக் கூடாது. சிறுமிகளுக்கு டிராக் சாம்பியன் போட்டி வேண்டும் என்று அவர் பள்ளிப் பருவத்திலேயே அதிகாரிகளிடம் கேட்டார். அப்போது அவருடைய தந்தை கூடவே நின்றார். பின்னாளைய சண்டைகளிலும் குடும்பம் துணையிருந்தது. அப்படி ஒரு வீடு வாய்க்காத பெண்கள், பாக்கிச் சம்பளத்தை விட்டுவிட்டு ஓசையின்றி வெளியேறியிருப்பார்கள். அவர்கள் யாரும் ஓய்வு அறிக்கை வாசிப்பதில்லை. ஒருத்தியின் உறுதியைப் போற்றுவதோடு நின்றுவிட்டால், அவர்களை நாம் இன்னொரு முறை மறந்தவர்களாவோம்.

2020இல்தான் பெண்களின் உயர்மட்ட அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வந்தது: ஆண்டுக்கு 15,000 யூரோ. ஆண்களின் உயர்மட்ட அணிகளுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. குக் விடைபெற்று ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் கேட்டது தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. வந்தது அவருக்கல்ல, அடுத்து வந்தவர்களுக்கு. பதக்கங்களை எண்ணும் பட்டியலில் இதற்கு இடமில்லை. நாம் எழுதும் வரலாற்றில் இருக்க வேண்டும்.