கமா உள்ளேயா, வெளியேயா?

ஆங்கிலக் கட்டுரையில் ஒரு சிறுகதையின் பெயரை மேற்கோள் குறிக்குள் போடுகிறோம். அதை அடுத்து ஒரு கமா வரவேண்டும் என்றால், அமெரிக்கர்கள் அதையும் குறிக்குள்ளேயே தள்ளிவிடுவார்கள். முற்றுப்புள்ளிக்கும் அதே கதிதான். "சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல்" சொல்வதும் இதையே. பிரிட்டிஷ் வழக்கம் வேற: தலைப்புக்குச் சொந்தமான குறி உள்ளே, வாக்கியத்துக்குச் சொந்தமானது வெளியே. 1906-இல் ஃபௌலர் சகோதரர்கள் "தி கிங்ஸ் இங்கிலிஷ்" நூலில் வாதாடியதும் இதற்குத்தான்.

அமெரிக்க விதியில் என்னை உறுத்துவது, அது பாதி வழியிலேயே நின்றுவிடுவது. கேள்விக்குறி என்று வந்தால் அவங்களும் அர்த்தம் பார்த்துத்தான் வைக்கிறாங்க. 1988-இல் வந்த "ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்" படத்தை எடுத்துக்குங்க. பெயர் கேள்வி மாதிரி இருந்தாலும் அதில் கேள்விக்குறி கிடையாது. "பார்த்தாயா" என்று கேட்கும் வாக்கியம் இந்தப் பெயரில் முடிந்தால் கேள்விக்குறி வெளியேதான். உள்ளே போட்டால் படத்தின் பெயரே மாறிடும். ரேமண்ட் கார்வரின் "வில் யூ ப்ளீஸ் பி கொயட், ப்ளீஸ்?" கதைக்கு அது பெயரிலேயே இருக்கு, அதனால் உள்ளே. அரைப்புள்ளியைக்கூட வெளியே வைக்கிறாங்க! கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

அச்சுக்கோர்க்கும் காலத்தில் புள்ளி, கமா எழுத்துகள் மெலிசானவை, ஓரத்தில் நின்றால் உடைஞ்சிடும், அதனால் உள்ளே தள்ளினாங்க என்று ஒரு கதை சொல்வாங்க. இருக்கட்டும். நாவலில் பாத்திரங்கள் பேசும் இடத்தில் இந்த விதியால் யாரும் குழம்பப் போவதில்லை, பார்க்கவும் அழகாவே இருக்கு.

தலைப்பு அப்படியில்லை. கெண்ட்ரிக் லமாரின் 2017 ஆல்பத்தின் பெயர் "டேம்." என்று புள்ளியோடுதான் முடியும். அதிலுள்ள 14 பாட்டுகளின் பெயர்களும் அப்படியே. அமெரிக்க முறையில் எழுதிய வாக்கியம் "ஹம்பிள்." என்று முடிந்தால், அந்தப் புள்ளி பாட்டுடையதா வாக்கியத்துடையதா? வாசகரால் கண்டுபிடிக்கவே முடியாது. பட்டியல் தயாரிப்பவர் என்ன செய்வார்?

மென்பொருள்காரர்களுக்கு இது பழைய தலைவலி. விஐ எடிட்டரில் "டிடி" அடித்தால் ஒரு வரி அழியும். புள்ளி அடித்தால் முந்தைய கட்டளை மறுபடி ஓடும். கையேட்டில் முற்றுப்புள்ளியை மேற்கோளுக்குள் போட்டு, படிப்பவர் அதை அப்படியே அடித்தால் இரண்டு வரி காலி. ஹேக்கர்களின் "ஜார்கன் ஃபைல்" காட்டும் உதாரணம் இது. ஆங்கில விக்கிப்பீடியாவும் அர்த்தம் பார்த்து வைக்கும் முறையைத்தான் எடுத்துக்கிட்டது, அமெரிக்க ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளுக்கும் சேர்த்து.