சர்வீஸ், எம்ப்ளாய்மென்ட், எங்கேஜ்மென்ட்

சட்டப் புத்தகங்களை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. அட்டையைத் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். தபால் துறையின் ஒரு விதிப் புத்தகத்துக்கு மட்டும் அட்டையே போதும். கதை முழுக்க அதில் இருக்கிறது.

1964ல் கிராமத்து அஞ்சல் ஊழியர்களுக்கு விதிகள் வந்தபோது தலைப்பு 'கண்டக்ட் அண்ட் சர்வீஸ்'. 2001ல் 'கண்டக்ட் அண்ட் எம்ப்ளாய்மென்ட்'. 2011ல் 'கண்டக்ட் அண்ட் எங்கேஜ்மென்ட்'. 2020ல் வந்த பதிப்பிலும் அதே எங்கேஜ்மென்ட். கவனித்தீர்களா? கண்டக்ட் மட்டும் நகரவே இல்லை. நீங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் துறைக்குக் குழப்பம் கிடையாது. நீங்கள் யார் என்பதில்தான் குழப்பம்.

கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயிலில் போய், சிப்காட் தொழிற்சாலைகளைத் தாண்டிக் கிராமங்களுக்குள் நுழைந்தால் இவரைப் பார்க்கலாம். கிளை அஞ்சலகம் நடத்துபவர், அல்லது கடிதம் கொண்டுவருபவர். ஊர் பாஷையில் தபால்காரர். அரசு பாஷையில் 2001 வரை 'இலாகாவுக்குப் புறம்பான ஏஜென்ட்', சுருக்கமாக ஈ.டி. அதற்குப் பிறகு கிராமின் டாக் சேவக். பெயர் மாறியதே தவிர, புறம்பு மாறவில்லை. 2018ல் மத்திய அமைச்சரவை இவர்கள் படியை உயர்த்தியபோது பயன்பெறுவோர் 3.07 லட்சம் பேர் என்று சொன்னது.

படி என்று சொன்னேன், சம்பளம் என்று சொல்லவில்லை. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 'காலம் சார்ந்த தொடர்ச்சிப் படி' உண்டு. 2018ல் பதினாறு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அது ஆரம்ப நிலையில் 10,000 முதல் 14,500 ரூபாய் வரை ஆனது. அகவிலைப்படி தனி.

இனி விதியின் உள்ளே ஒரு எட்டு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நல்லது. 65 வயது வரை இருக்கலாம். நல்லது. வேலை பார்க்கும் ஊரிலேயே குடியிருக்க வேண்டும். சரி. கிளை அஞ்சலகத்துக்கு இடம், அதை நடத்துபவரே தர வேண்டும். ம். பிழைப்புக்குப் போதிய வேறு வருமானம் தனக்கு உண்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு ஊழியருக்குச் சமம் என்று கோரக் கூடாது.

வேறு வருமானம் பற்றிய அந்த உறுதிமொழி எழுதப்பட்ட காலத்தை யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாத்தியார், மளிகைக் கடைக்காரர், நாலு காணி நிலமுள்ள பெரியவர் திண்ணையில் பெட்டியை வைத்துக்கொண்டு தபால் பார்த்த காலம். அப்போது அதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நிலம் தொழிற்சாலையாகிவிட்ட இடத்தில், பத்தாவது மார்க்கை வைத்துத் தேர்வாகி வரும் இளைஞருக்கு வேறு வருமானம் எங்கே? எதிரே உள்ள ஆலையில்தான். அங்கே ஷிப்ட் எட்டு மணி நேரம். தபால் பை வரும் நேரமும் ஆலைச் சங்கு ஊதும் நேரமும் ஒத்துப்போகாது. ஆக, கையெழுத்துப் போடும்போதே ஒரு பொய்யைச் சொல்ல வைக்கிறது விதி.

அந்த ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் 1981ம் வருடச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அதை ஏய்க்க ஒப்பந்தம், பயிற்சி என்று ஆயிரம் குறுக்கு வழிகள் உண்டு. இருந்தாலும் காட்டி வழக்காட ஒரு எண் இருக்கிறது. தபால் பையோடு நாற்பது வருடம் நடந்தவருக்கு அப்படி ஒரு எண்ணே இல்லை. இத்தனைக்கும் முதலாளி மத்திய சர்க்கார்.

கோர்ட் என்ன சொன்னது? 1977ல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான், விசாரிக்காமல் நீக்க முடியாது என்றது. ஆகா என்று இருந்தது. 2019ல் கிராஜுட்டி சட்டம் எங்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி வந்தபோது அதே நீதிமன்றம் பொருந்தாது என்றது. அரசுப் பதவி வகிப்பவர், தனி விதி உள்ளவர், ஆகவே அந்தச் சட்டத்தின் 'ஊழியர்' அல்ல. கிராஜுட்டிக்கு வந்தால் அரசு ஆள், பென்ஷனுக்கு வந்தால் வெளி ஆள். திரிசங்குவுக்காவது ஒரு சொர்க்கம் கிடைத்தது.

துறையின் பக்கமும் ஒரு வாதம் உண்டு. கிளை அஞ்சலகத்தில் முழு நாள் வேலை இல்லை, வருமானம் செலவுக்குக் காணாது, எல்லாரையும் முழு ஊழியராக்கினால் கஜானா தாங்காது. தேர்வு எழுதி போஸ்ட்மேன் ஆகும் வழியும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். அரைநாள் வேலைக்கு அரைச் சம்பளம் கொடுங்கள், அதில் தப்பில்லை. அரைநாள் வேலை பார்ப்பவர் அரை மனிதர் என்பதுதான் தப்பு. சம்பள விகிதத்தில் பென்ஷன், கிராஜுட்டி என்று கணக்குப் போடுவது பெரிய வித்தையா என்ன? தல்வார், நடராஜமூர்த்தி, கமலேஷ் சந்திரா என்று கமிட்டிகள் வந்து போயின. ரூபாய் கூடியது. அந்தஸ்து அசையவில்லை.

மாற்ற ஒரு நல்ல வாய்ப்பு 2023ல் வந்தது. 1898ம் வருட அஞ்சலகச் சட்டத்தைத் தூக்கிவிட்டு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. 2024 ஜூனில் அமலுக்கும் வந்தது. முகவரிக் குறியீடுகள் பற்றிப் பேசுகிறது. தபாலை இடைமறிக்கும் அதிகாரம் பற்றிப் பேசுகிறது. சேவையில் தவறு நேர்ந்தால் துறைக்குப் பொறுப்பில்லை என்று ஜாக்கிரதையாகச் சொல்கிறது. கிராமத்தில் அந்தச் சேவையைச் செய்யும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பாடு வழக்கம்போல துறையே எழுதித் துறையே திருத்தும் விதிப் புத்தகத்தோடு.

இப்போதெல்லாம் சாப்பாடு கொண்டுவரும் பையனை 'பார்ட்னர்' என்கிறார்கள், ஊழியர் என்று சொல்லாமல் தப்பிக்க. கம்பெனிகளின் புதுத் தந்திரம் என்று கோபப்படுகிறோம். புதிதில்லை சார். அரசாங்கத்திடம் கற்ற பாடம்தான்.

அடுத்த பதிப்பு என்றாவது வரும். அதற்குப் புது இங்கிலீஷ் வார்த்தை தேட வேண்டாம். 1964ன் அட்டையிலேயே ஒன்று இருந்தது: சர்வீஸ். அதைத் திரும்ப எடுத்து வைத்து, அதற்குரிய அர்த்தத்தையும் கூடவே கொடுத்தால் போதும்.