விளம்பரத்தைக் கிண்டலடித்த விளம்பரக்காரர்

ஸ்டான் ஃப்ரீபெர்க்கின் ‘ஜான் அண்ட் மார்ஷா’வில் வசனம் என்று இருப்பது இரண்டே இரண்டு பெயர்கள். ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்சல், கோபம், அழுகை எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. இரண்டு குரலும் ஃப்ரீபெர்க்குடையதுதான். 1951-ல் கேபிட்டல் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு இது. அமெரிக்காவின் கண்ணீர்த் தொடர்களை இதைவிடச் சிக்கனமாக யாரும் கிண்டலடித்ததில்லை என்று நினைக்கிறேன். இதைக் கேட்டபிறகு நம்ம ஊர் மெகா சீரியலையும் சிரிக்காமல் பார்க்க முடியவில்லை.

1957-ல் சிபிஎஸ் வானொலியில் ஜாக் பென்னியின் நேரம் அவருக்குக் கிடைத்தது. சிகரெட் கம்பெனிக் காசு வேண்டாம் என்றார். வேறு ஸ்பான்சரும் அமையவில்லை. 15 வாரத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு தணிக்கையாளர் வருவார். ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டு நடக்கும்போதே பஸ்ஸரை அழுத்தி அழுத்தி, ‘கிழவன்’ என்பதை ‘முதியவர்’ ஆக்கி, இலக்கணத்தையும் திருத்தி, பாட்டையே கொன்றுவிடுவார். இன்றைக்கும் சுடுகிற காட்சி.

அடுத்த வருடம் ‘கிரீன் கிறிஸ்மஸ்’. டிக்கன்ஸின் ஸ்க்ரூஜ் இங்கே விளம்பர ஏஜென்சி முதலாளி. கடைசியில் கிறிஸ்மஸ் பாட்டோடு கல்லாப்பெட்டிச் சத்தமும் சேர்ந்து ஒலிக்கும். பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்பத் தயங்கின. ஆனால் ஃப்ரீபெர்க் அதற்கு முன்பே தக்காளி பேஸ்டுக்கு விளம்பரம் செய்தவர். இரட்டை வேடமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் அந்தக் கல்லாச் சத்தம் அவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கும்.

என் குறை வேறு. கொட்டை நீக்கிய உலர்பழத்துக்கு அவர் எடுத்த விளம்பரத்தில், ஒருத்தர் பழத்தின் சுருக்கத்தைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். தன் பொருளைத் தானே நக்கலடித்து விற்கும் வித்தை. அது ஜெயித்ததால் நையாண்டியின் பல் கொஞ்சம் போச்சு. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஆப் படுத்துவிட்டால், பக்கை சரிசெய்வதற்கு முன்னால் எர்ரர் மெசேஜில் ஜோக் வைப்பார்கள். பயனர் சிரித்துவிட்டால் சண்டைக்கு வரமாட்டார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விளம்பரத்தில் மட்டும் நான் விழுந்துவிடுகிறேன். மிச்சிகன் ஏரியில் சூடான சாக்லேட்டை நிரப்பி, 700 அடி கிரீம் மலையைத் தள்ளி, கனடா விமானப்படை மேலிருந்து பத்து டன் செர்ரியைப் போட, 25,000 பேர் ஆரவாரிக்கிறார்கள். முழுக்கச் சத்தம் மட்டுமே. அங்கே விற்கப்படுவது வானொலி. தொலைக்காட்சியால் இது முடியுமா என்று வம்புக்கு இழுக்கிறார். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், செர்ரி விழுகிற இடம் வரைக்குமாவது.