கிளாராவின் குறிப்பேடுகள்

சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அயேந்தேயின் 'ஆவிகளின் வீடு' (1982), சாகக் கிடந்த தாத்தாவுக்கு 1981 ஜனவரி 8 அன்று அவர் எழுதத் தொடங்கிய கடிதத்திலிருந்து வளர்ந்த நாவல். அதில் சிறுமி கிளாரா, சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியைக் கை படாமலே நகர்த்துகிறாள். வீட்டார் அதற்குப் பழகிப்போகிறார்கள். மாயத்தை இவ்வளவு சர்வ சாதாரணமாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கிளாரா வளர்ந்து மணக்கும் பண்ணையார் எஸ்தபான், இளமையில் ஒரு குடியானவப் பெண்ணைச் சீரழித்தார். ராணுவ ஆட்சியில் அவளுடைய பேரன், அவருக்கும் பேரன்தான், எஸ்தபான்-கிளாரா தம்பதியின் பேத்தி ஆல்பாவைச் சித்திரவதை செய்கிறான். பாட்டி கிளாரா வாழ்நாளெல்லாம் எழுதிவைத்த குறிப்பேடுகளைப் புரட்டும் ஆல்பா, பழிக்குப் பழி தன்னோடு முடியட்டும் என்று தீர்மானிக்கிறாள். எதையும் மறக்காமல், எல்லாவற்றையும் எழுதிவைத்த பிறகு வரும் மன்னிப்பு அது. குடும்பக் கதைகளை விரும்புகிறவர்கள் அவசியம் படியுங்கள்.